பின்னித் துணி

உடுத்த ஆடை பழையதாவது இயல்பு. அதன்மேற் பொறித்த பெயரும் பழையதாகும் என்பதை யாம் அறிந்தது பிற்காலத்திலேயே.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த நாட்களில், எந்தையார் கரிசற்காட்டுப் பருத்தியை விற்றதும் அரியலூர்க் கடைவீதியில் எமக்குப் பள்ளிச் சட்டைத்துணி வாங்குவார். "பின்னி தானே?" என்று வினவி, துணியோரத்து முத்திரையைக் கண்ட பின்னரே மடியை அவிழ்ப்பார். விலை எளியோர்க்கும் எட்டும். சாயம் எளிதில் வெளுக்காது. தமையன் உடுத்தது தம்பிக்கும் உதவும்.

அத்துணியை நெய்தவை, சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் ஆங்கிலேயரான பின்னிக் கம்பெனியார் நடத்திய பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள். முறையே 1876, 1881 ஆம் ஆண்டுகளில் தோன்றிய அவை 1920-ல் ஒன்றாயின. அவற்றின் காக்கித்துணி பட்டாளத்தாரிடையும் பெயர் பெற்றது. அங்கு உழைத்தோரின் குறைகளினின்றே 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. மலிவான துணிக்குப் பின்னால் மலிவாக விற்கப்பட்ட உழைப்பும் இருந்ததை யாம் அந்நாளில் உணர்ந்திலேம்.

கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், கசங்காத டெரிலின் அணிந்த தோழர் நடுவே எம் பருத்திச் சட்டைக்கு நாணினோம். "இனிப் பின்னி வேண்டா" என்று எந்தையார்க்கு எழுதினோம். அவர் மறுமொழி எழுதவில்லை. பணம் மட்டும் அனுப்பினார். பருத்தி விற்ற பணத்தாற் பருத்தியல்லாத சட்டை வாங்கினோம்.

செயற்கை நூலும் விசைத்தறியும் பெருகின. 1996-ல் ஆலை மூடப்பட்டது. தறிகள் முழங்கிய கூடங்கள் பின்னர்ச் சினிமாப் படப்பிடிப்புக்கு இடமாயின.

அவ்வீழ்ச்சிக்கு அறிந்தோர் பல காரணம் கூறுவர். அவற்றோடு எம் கடிதத்தையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறோம்.