அகத்திக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே சித்தூர்

லட்சத்தீவின் அகத்தி ஒரு பக்கம், அந்தமானின் போர்ட் பிளேர் மறுபக்கம். கோடை விடுமுறையில் இரண்டையும் பார்த்துவிட நினைக்கும் சித்தூர்க் குடும்பம் டிராவல்ஸ்காரரிடம் முதலில் கேட்பது, “ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு ஃப்ளைட்டில் எத்தனை மணி நேரம் சார்?”

தூரம் சொல்வது எளிது. அகத்தி கிழக்குத் தீர்க்கரேகை 72.2 பாகையில் இருக்கிறது. போர்ட் பிளேர் 92.7இல். இரண்டுமே ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஒரு பாகைக்கு 109 கிலோமீட்டர் என்று பெருக்கினால் போதும்: சுமார் 2,240 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டர் போகும் ஜெட் விமானத்துக்கு அது மூன்று மணி நேரம்கூட இல்லை. ஆனால் அப்படி நேராகப் போகும் விமானமே கிடையாது. நல்ல ஏஜென்ட் இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்.

அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். பெரிய ஜெட் அங்கே இறங்காது. ஏடிஆர் போன்ற சிறு விமானம்தான் போகும். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அதனால்தான் கொச்சியிலிருந்து சுமார் 465 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் வரை ஆகிறது. அதைப்போல மூன்று மடங்கு தொலைவு கொண்ட சென்னை–போர்ட் பிளேர், ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். தூரத்தை மட்டும் பார்த்து நேரம் சொல்பவர் இங்கேதான் தடுமாறுவார்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரமும் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். காற்றும் கணக்கில் வரும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசுகிறது; 1950களில் அந்தக் கீழைத் தாரைக்காற்றை விளக்கியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். எதிரே மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று இருந்தால் போர்ட் பிளேர் போகும் ஜெட்டுக்குச் சுமார் ஒன்பது நிமிடம் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும்.

ஒன்பது நிமிடத்துக்காக யாரும் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது தரையில் கழியும் நேரம். சித்தூரிலிருந்து ரேணிகுண்டா விமான நிலையம் திருப்பதியையும் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு நேர் விமானம் இல்லை. ராணிப்பேட்டை வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் காரில் சென்னைக்கே போய்விடுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். 2015இல் ரேணிகுண்டாவில் புது முனையம் திறந்த பிறகும் தீவுப் பயணங்களுக்கு நிலைமை இதுதான்.

லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேறு வேண்டும். அது கையில் வராமல் டிக்கெட் போடுவது வாடிக்கையாளரின் பணத்தோடு விளையாடுவது. ஆகவே அனுபவசாலி அகத்தியை முதலில் வைப்பார். கொச்சிக்குத் திரும்பும் இரவு அங்கேயே தங்க அறை போடுவார். மறுநாள்தான் சென்னை, அதன்பின் போர்ட் பிளேர். தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்துவிட்டு, மழையில் சிறு விமானம் தாமதமானால், அடுத்த விமானத்தைத் தவறவிட்ட நஷ்டம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும்.