இரண்டு நிமிடப் பயணம்

பயணம் என்றவுடன் நெடுந்தொலைவும் நீண்ட நேரமுமே நம் நினைவுக்கு வரும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம் என் எண்ணத்தை மாற்றியது.

ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகோடிக்கும் அப்பால், கடலிடையே சிதறிக் கிடப்பது ஆர்க்னித் தீவுக் கூட்டம். அதன் வடபகுதியில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு சிறு தீவுகள் உள்ளன. அவற்றின் விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டரே. அதைக் கடக்கக் கால அட்டவணை தரும் நேரம் இரண்டே நிமிடம். 53 வினாடிகளில் கடந்ததும் உண்டு. 1967ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்விமானத்தில் ஏறிப் பார்ப்பதற்காகவே தொலைநாட்டினர் பலர் அங்கு வருகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அவ்வாறே சென்றேன்.

அது எட்டுப் பயணிகளே அமரக்கூடிய சிறிய விமானம். என் அருகில் ஓர் அம்மையார் வயலின் பெட்டியை மடிமீது வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"இரண்டு நிமிடப் பயணத்திற்கு ஒரு விமானமா! வேடிக்கையாக இல்லையா?" என்று நகைத்தபடி அவரைக் கேட்டேன்.

அவர் புன்னகையோடு கீழே கடலைச் சுட்டிக் காட்டினார். இரு தீவுகளுக்கும் இடையே அலைகள் வெண்ணுரை கக்கிப் புரண்டுகொண்டிருந்தன.

"இன்று படகில் வந்திருக்க முடியுமா? அங்குள்ள பள்ளியில் என் மாணவர் மூவர் காத்திருப்பார்கள்" என்றார் அவர்.

நான் மறுமொழி கூறுமுன் விமானம் தரையைத் தொட்டுவிட்டது. பெரும்பாலும் காற்றுக்கு எதிர்முகமாகவே விமானம் எழும்; இறங்கும். ஆதலின், காற்றின் திசைக்கேற்ப அது சில நாள் நேராகச் செல்லும். சில நாள் வளைந்து சுற்றிச் செல்லும். அன்று எங்களுக்குக் காற்று உதவியது.

பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவே. ஆசிரியரும் மருத்துவரும் அங்கு வந்து செல்ல இவ்விமானம் உதவுகிறது. நோயுற்ற ஒருவர் மருத்துவரை எதிர்நோக்கிப் படுத்திருக்கும்போது, கடல் கொந்தளித்தால் கண்ணுக்கெட்டும் அக்கரையும் எட்டாத் தொலைவாகிவிடும். இதனை எண்ணியபோது, சற்றுமுன் நகைத்ததற்காக நாணினேன்.

பயணத்தின் நினைவாக எனக்குச் சான்றிதழ் ஒன்று தந்தார்கள். அதைப் பெருமையுடன் கையில் ஏந்தி நிமிர்ந்து பார்த்தேன். வயலின் பெட்டியை மார்போடு அணைத்தவாறு, காற்றை எதிர்த்து, அந்த அம்மையார் பள்ளியை நோக்கி விரைந்து கொண்டிருந்தார். சான்றிதழை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.