ஹார்ட் டிஸ்க் போனாலும் ஓடும் லேப்டாப்

ஹார்ட் டிஸ்க் போனால் லேப்டாப்பே போச்சு என்று நினைக்கிறோம். ராம் நன்றாக இருந்தால் போதும். பென் டிரைவிலிருந்து மொத்த சிஸ்டமும் ராமில் ஏறி, அங்கேயே ஓடும் லினக்ஸ் வகைகள் இருக்கின்றன. எங்கள் 2 ஜிபி ராம் லேப்டாப்புக்காக மூன்றைப் பார்த்தேன்.

டைனி கோர், சுமார் 23 எம்பிதான். ஆனால் பிரவுசரைக்கூட நாமே தேடிச் சேர்க்க வேண்டும்.

ஜெர்மனியின் நாப்பிக்ஸில் எல்லாமே இருக்கிறது. ஆனால் அதன் டிவிடி பதிப்பு 4 ஜிபிக்கு மேல்; எங்கள் ராமில் அடங்காது.

ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-ல் தொடங்கிய பப்பி லினக்ஸ் நடுவில் நிற்கிறது. சில நூறு எம்பிக்குள் பிரவுசரும் எழுதும் மென்பொருளும் உண்டு. அப்பா தன் வாழ்க்கைக் கதையை டைப் செய்ய அதுவே போதுமானது.

ஒரே பயம் கரண்ட். ராமில் இருப்பது கரண்ட் போன நொடியில் அழிந்துவிடும். எங்கள் லேப்டாப்பில் பேட்டரியும் இல்லை. பப்பியில் 'சேவ் ஃபைல்' வைத்துக்கொண்டால், செய்த வேலையைப் பென் டிரைவில் பத்திரப்படுத்தலாம். பத்து வரிக்கு ஒருமுறை 'சேவ்' என்பது இப்போது வீட்டுச் சட்டம்!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கிறதா? எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்.