கதாநாயகன் யாரிடம் கைமாத்து வாங்கினான்?

சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை வாசித்துத் தரச் சொல்லி நண்பர்கள் கட்டுக்கட்டாக அனுப்பிவைப்பார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்ற எண்ணம். நானும் மறுப்பதில்லை. முதல் பக்கத்திலேயே கதாநாயகன் வந்துவிடுவான். ஆறடி உயரம், அகன்ற தோள். தாய் தகப்பன் இருக்கமாட்டார்கள்; இருந்தால் எழுதுகிறவருக்குத் தொந்தரவு போலிருக்கிறது. கோபக்காரன், ஆனால் மனசு தங்கம். ஊரே திரண்டு வந்தாலும் ஒற்றை ஆளாக நின்று சமாளிப்பான். யாரிடமும் எதையும் கேட்கமாட்டான். கட்டு மாறினாலும் ஆள் மாறுவதில்லை, பெயர்தான் மாறுகிறது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமா பார்த்துக் கெட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அது நியாயமில்லை. எங்கள் காலத்திலும் இவன் இருந்தான், கதர்ச் சட்டை போட்டிருந்தான், அவ்வளவுதான். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் தொடராக வந்தபோது அதில் மயங்கிப் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தவர்கள் உண்டு. அரவிந்தன் உயர்ந்தவன்தான். ஆனால் அவன் ஒரு நாளாவது தூக்கம் கெட்டு எரிச்சலில் யார் மீதாவது விழுந்திருப்பானா என்று யோசித்துப் பார்த்தால், எனக்கு அப்படி ஒரு காட்சி மனத்தில் எழுவதே இல்லை.

இன்னும் பின்னால் போனால் தண்டியலங்காரம் நிற்கிறது. பெருங்காப்பியம் என்றால் தனக்கு ஒப்பாரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்பது அதன் விதி. விதி வந்தது பிற்காலத்தில். அதற்கு நெடுங்காலம் முன்பே இளங்கோ சிலப்பதிகாரத்தை எழுதிவிட்டார். அவருடைய கோவலனைப் பாருங்கள்: பொருளைத் தொலைத்தவன், மனைவியை விட்டுப் போனவன், கடைசியில் அவள் காற்சிலம்பை விற்றுப் பிழைக்கலாம் என்று மதுரைக்கு நடந்தவன். 30 காதைகளில் 16ஆவது காதையிலேயே அவனை வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். தலைவன் போன பிறகு 14 காதைகள் மிச்சம் இருக்கின்றன, காப்பியம் தள்ளாடவில்லை. அந்தத் துணிச்சல் நம்மிடம் வரும் போட்டிக் கதைகளில் ஒன்றிலாவது உண்டா?

கம்பன் செய்தது இன்னும் பெரிய காரியம். கடவுளையே கதாநாயகனாக வைத்துக்கொண்டு, வாலி மார்பில் தைத்த அம்பில் ராமன் பெயரை வாலியே படிக்கும்படி செய்தான். அடிபட்டுக் கிடக்கிறவன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். ராமன் பல கேள்விகளுக்குப் பதில் சொல்கிறான். மறைந்து நின்று எய்தது ஏன் என்று கேட்கும்போது மட்டும் பதில் லட்சுமணனிடமிருந்து வருகிறது. பக்திமான்கள் இதற்குப் பல சமாதானங்கள் வைத்திருக்கிறார்கள். எழுதக் கற்றுக்கொள்கிறவன் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகவேண்டும். தன் நாயகனுக்குப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்றைக் கம்பன் தானே எழுதி வைத்திருக்கிறான்.

கல்கியிடம் வருகிறேன், அவரைச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கிரீடத்துக்கு உரியவன் அருள்மொழி. மக்கள் மனத்தில் உட்கார்ந்தவனோ வந்தியத்தேவன். அவன் அவசரக்காரன், வாய் அடங்காதவன், பொய்யை மூச்சு விடுவதுபோல் சொல்லுவான். எல்லாவற்றையும்விட, அடுத்தவர் உதவி இல்லாமல் அவனால் ஒரு எட்டு நகர முடியாது. இலங்கைக்குப் போகவேண்டுமா, பூங்குழலி படகு வலிக்கவேண்டும். எரிகிற கப்பலிலிருந்து அவனைக் காப்பாற்ற அருள்மொழி வரவேண்டும். இருவரும் கடலில் மிதக்கும்போது மறுபடியும் பூங்குழலி. கடம்பூரில் மணிமேகலை. அடிக்கடி ஆழ்வார்க்கடியான். இத்தனை பேருக்குக் கடன்பட்டவனாக இருப்பதால்தான் அவன் நமக்குச் சொந்தக்காரனாகத் தெரிகிறான். அதே நாவலில் பூக்கட்டும் சேந்தன் அமுதனுக்குப் பிறப்பு ரகசியம் வைத்து அரியணையில் ஏற்றவும் கல்கி தயங்கவில்லை. வாரத் தொடர் எழுதுகிறவருக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. பூக்கட்டுகிறவன் பூக்கட்டுகிறவனாகவே பெரியவனாக இருந்திருக்கக்கூடாதா என்று எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு.

ஆகவே எழுதுகிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: “உன் ஆள் யாரிடம் கைமாத்து வாங்கியிருக்கிறான்?” முழிப்பார்கள். பணம்தான் என்றில்லை. யார் தயவில் நிற்கிறான், யார் முகத்தில் முழிக்கக் கூசுகிறான், யாரைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறான்? பதில் வராவிட்டால் அங்கே இன்னும் ஆளே பிறக்கவில்லை.

மற்ற தேய்ந்த வழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாயகன் பழிவாங்கக் கிளம்பவேண்டும் என்பதற்காகவே தங்கையைக் கொல்வது, பட்டணத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மூன்றே மாதத்தில் கிராமத்தைத் திருத்துவது, இதெல்லாம் வாசகருக்கு அலுத்துப்போய்விட்டது. அலுப்பினால் யாருக்கும் சேதமில்லை.

சேதம் செய்கிற வகை வேறு. மாட்டேன் என்று சொல்லும் பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து, மிரட்டி, கட்டாயத் தாலி கட்டி, கடைசி அத்தியாயத்தில் சிறுவயதுச் சோகம் ஒன்றைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்ளும் நாயகன். மாத நாவல்களில் இவனுக்கு நல்ல கிராக்கி. எழுதுகிறவர்களில் பெண்களும் உண்டு, விரும்பி வாசிப்பவர்களிலும் பெண்கள் உண்டு. அதனால் அது சரியாகிவிடாது. பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில், ஒரு பெண் பிள்ளை மூன்று முறை முகத்துக்கு நேரே மறுத்த பிறகும் “சும்மா சொல்றா சார்” என்று என்னிடமே வாதாடிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. மறுப்புக்கு மறுப்பு என்றுதான் அர்த்தம் என்று சொல்லும் ஒரு கதையைக்கூட யாரும் அவர்கள் கையில் கொடுத்ததில்லை.

யாரையும் கேட்காத நாயகனும் இப்படித்தான் வீட்டுக்குள் வந்து உட்காருவான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வேலை போயிற்று. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிக் கிளை நூலகத்தில் போய் உட்காருவார், மாலையில் திரும்புவார். குடும்பப் பாரத்தைத் தான் ஒருவனே சுமக்கவேண்டும் என்பது அவர் கட்சி. நூலகத்தில் அவர் படித்தது பெரும்பாலும் சரித்திர நாவல்கள் என்று பின்னால் தெரிந்தது. மனைவிக்கோ இரண்டாவது வாரமே விஷயம் தெரியும். நூலகர் அந்த அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கேட்டால் மனிதர் உடைந்துபோவாரே என்று மனைவியும் வாயைத் திறக்காமல் தினம் எழுந்து, புளிச்சாதமோ தயிர்ச்சாதமோ கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நகையை அடகு வைத்துக் கடையில் பாக்கி தீர்த்ததும் அவர்தான். இதைக் கதையாக எழுதச் சொன்னால் நம் போட்டியாளர்களில் பாதிப்பேர் நூலகத்தில் இருந்தவரைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

அசோகமித்திரன் எழுதியிருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார். 1977இல் வந்த அவருடைய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் படிக்கும் சாதாரணப் பையன். 1948, நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேர்கிற நேரம், ஊரில் கலவரம். பயத்தில் ஓடி ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். தன் வீட்டாரை விட்டுவிடும்படி கெஞ்சி ஒரு சிறு பெண் தன் உடையைக் கழற்றி அவன் முன் நிற்கிறாள். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கொல்ல வந்தவன் அவன்தான். அவன் யாரையும் காப்பாற்றவில்லை, வசனம் பேசவில்லை; அவமானம் தாங்காமல் வெளியே ஓடுகிறான். அந்த ஓட்டத்துக்கு ஈடாக, பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் எந்தச் சண்டையையும் என்னால் சொல்ல முடியவில்லை.

வீரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியவேண்டும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். வழியில் அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். கட்டினவர் பெயர் யாருக்குத் தெரியும்?

வேதாரண்யத்தில் ஒரு பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. வைரப்பன், சவரத் தொழிலாளி. போலீஸ்காரர்களுக்கு வேலை செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தவர். மாற்றுடையில் வந்து உட்கார்ந்தவருக்குப் பாதிச் சவரம் ஆனபோது, அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டார். மிரட்டியும் எடுக்கவில்லை, சிறைக்குப் போனார். இன்று ஊரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. இவரை எழுத ஆறடி உயரம் தேவையில்லை. கத்தி தீட்டும் கல் எந்தக் கைப்பக்கம் இருந்தது, அன்றைய கூலி போனால் ராத்திரி வீட்டில் உலை என்ன ஆகும், மற்ற வாடிக்கைக்காரர்கள் மறுநாள் வந்தார்களா, இதெல்லாம் தெரிந்தால் போதும்.

அதையும் எழுதப் பிடிக்கவில்லை என்றால், பாதி முகத்தோடு எழுந்து போன அந்தப் போலீஸ்காரரை எழுதலாம். மீதிச் சவரத்தை அவர் எங்கே போய் முடித்துக்கொண்டார்? ஸ்டேஷனில் மற்றவர்கள் சிரித்தார்களா? அடுத்த கட்டில் அப்படி ஒரு கதை வந்தால், மற்றவற்றைப் படிக்காமலே அதற்குப் பரிசு கொடுக்கும்படி எழுதி அனுப்பிவிடுவேன்.