களவும் கற்று மற

மழை இரவொன்றில் மகள் துண்டில் சுற்றி எடுத்து வந்த நாட்டு நாய் மணி. வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பழந்தமிழில் நாய்க்கு ஞமலி என்றோர் அழகான பெயருண்டு. எங்கள் சமையலறையில் அவன் நடந்துகொண்ட விதத்துக்குக் கள்வன் என்பதே பொருந்தும். ஆறவைத்த தோசை, மசாலா தடவிய மீன், ஒரு பொங்கலன்று தட்டு நிறைய வடை. அகத்திணைக் களவைப் போலவே இதுவும் பிறர் அறியாமல்தான் நிகழும்.

காலித்தட்டை அவன்முன் நீட்டி, சுருட்டிய செய்தித்தாளால் தரையில் அடித்து, "யார் வேலை இது?" என்பேன். காதுகள் பின்மடங்கும், வால் கால்களுக்கிடையே ஒடுங்கும், பார்வை விலகும். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று தீர்ப்பெழுதிவிடுவேன். ஆண்டுதோறும் மெய்ப்பாட்டியல் நடத்துபவன் அல்லவா!

சென்ற தீபாவளிக்கு மறுநாள் அதிரசத்தில் நான்கு குறைந்திருந்தது. வழக்கமான விசாரணை, வழக்கமான முகம். அன்றிரவு அப்பாவின் படுக்கையை உதறியபோது தலையணையடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு அதிரசங்கள் இருந்தன. அப்பாவுக்கு எண்பது வயது, சர்க்கரை நோய், வீட்டில் இனிப்புக்குத் தடை. "அவனை ஒண்ணும் சொல்லாதேப்பா, எடுத்தது நான்தான்" என்றார். என்னைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். மாலையில் மணியிடம் கண்ட அதே முகம்.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு செய்த சோதனையின் முடிவை 2009இல் வெளியிட்டார். அந்தக் 'குற்றவாளி முகம்' நாய் உணவை எடுத்ததைப் பொறுத்ததன்று, உரிமையாளர் திட்டுவதைப் பொறுத்தது என்கிறது அது. எடுக்காமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அம்முகம் இன்னும் கூடுதலாகத் தெரிந்ததாம். தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் குற்றவுணர்வு இல்லை. அச்சம் இருக்கிறது.

அதன்பின் முறையை மாற்றினோம். திருட்டின் பரிசு திருடிய பண்டமே. பத்து முறையில் ஒருமுறை கிடைத்தாலும் அந்த நம்பிக்கையில் நாய் மீண்டும் வரும். எனவே மேடையில் எதையும் திறந்து வைப்பதில்லை. குப்பைக்கூடைக்கும் மூடி வந்தது. வெங்காயமும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதால் இந்தக் கவனம் எப்படியும் தேவைதான். சமையலறை வாசலில் ஒரு சாக்கை விரித்தோம். அதில் அமர்ந்திருந்தால் மட்டும் அவனுக்கு ஒரு துண்டு. மேடையிலிருந்து நேரே எதுவும் கிடையாது. மூன்று மாதங்களில் சாக்கே அவன் இடமாயிற்று.

மருத்துவரைக் கேட்டு அப்பாவுக்கும் அவ்வப்போது சிறிது இனிப்பு உண்டு. எல்லோருடனும் அமர்ந்து சாப்பிடுகிறார்.

மணி களவை மறந்துவிட்டான். ஆனால் படிப்பதற்காக நான் செய்தித்தாளைக் கையில் எடுத்தாலும், சாக்கிலிருந்து எழுந்து அப்பாவின் அறைக்குப் போய்விடுகிறான்.