ஜெனரேட்டர் வேணும்தான், டீசல் யார் ஊத்துறது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் ஊர்க் கூட்டமொன்றில் ஒரு பெரியவர் எழும்பி, "முதியோர் இல்லம் நடத்துற ஆக்கள் கட்டாயம் ஜெனரேட்டர் வைக்கணும். வைக்காட்டி அனுமதியப் புதுப்பிக்கக் கூடாதெண்டு மகஜர் ஒண்டு குடுப்பம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கோரிக்கை நியாயமானது. ஆனால் மகஜரில் ஒரு வரி குறைகிறது. அந்தச் செலவை யார் கட்டுவது?

தேவை இருக்கிறதா என்று நம் நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அதிலாவது எத்தனை மணிக்குப் போகும் என்று அட்டவணை போட்டார்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாடும் இருண்டது. குரங்கு அட்டவணை தருவதில்லை. அதே வருட நவம்பரில் டிட்வா புயல். கரண்ட் வர எத்தனை நாள் எடுத்தது என்று பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நமக்குக் கரண்ட் போனால் போனில் சார்ஜ் இல்லை, ஃபேன் இல்லை, அவ்வளவுதான். படுக்கையில் கிடக்கும் ஒரு மூத்தம்மாவுக்கு அப்படியில்லை. அவர் படுத்திருக்கும் காற்று மெத்தை மோட்டாரில் ஓடுவது. மோட்டார் நின்றால் மெத்தை இறங்கும், முதுகுப் புண் பெருக்கும். ஒட்சிசன் மெஷின் நின்றால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. தண்ணி மோட்டார் நின்றால் தாங்கி காலியாகும். தானாகக் கழிப்பறைக்குப் போக முடியாத பத்துப் பேரைத் தண்ணியில்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை, அதற்கு மெழுகுதிரி போதும்.

சில மாதங்களுக்கு முன் தரம் 10 பிள்ளைகளை ஒரு சிறிய இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். இருபது பேர் அளவில் இருக்கும் இடம். பெரும்பாலானோர் மாதக் கட்டணம் கட்டுவதில்லை, கட்ட ஆளில்லை. பொறுப்பாக இருக்கும் காக்கா சாப்பாட்டுக் கொப்பியைக் காட்டினார். நோன்பு மாதம் முழுக்க நிரம்பி வழிகிறது. வாப்பாவின் பெயரில் புரியாணி, உம்மாவின் பெயரில் கஞ்சி, ஒரே நாளில் மூன்று பேர். "சேர், சாப்பாடு சில நாளைக்கு மிஞ்சிப்போகுது. கரண்ட் பில்லுக்கெண்டு ஒருத்தரும் தந்ததில்ல" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

திரும்பி வந்ததும் வகுப்பில் அதையே பாடமாக்கினேன். அந்த இல்லத்துக்கு எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும்? கலியாண மண்டபத்தில் நிற்கிற சைஸ் என்றான் ஒருவன். சரி, கரும்பலகையில் கூட்டுவோம். ஒட்சிசன் மெஷின் ஒன்று ஏறத்தாழ 350 வோட், இரண்டுக்கு 700. மெத்தை மோட்டார் ஐந்துக்கு 50. பிரிட்ஜ் 150. ஃபேன் பத்து, 70 படி 700. எல்இடி பல்ப் பதினைந்துக்கு 135. கூட்டினால் 1735 வோட். தண்ணி மோட்டாரை நாளுக்கு ஒரு மணித்தியாலம் போட்டால் போதும். அது ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் மேலதிகக் கரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் 5 கேவீஏ மெஷின் தாங்கும். கலியாண மண்டபம் தேவைப்படவில்லை. ஆனால் இந்தச் சாமான்களுக்கு மட்டும் வேறாக ஒரு வயரிங் லைன் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கேத்தலைப் போடுவார், இன்னொருவர் அயன் பண்ணுவார், மெஷின் படுத்துவிடும்.

மெஷின் ஒருமுறைச் செலவு. அதை வெளிநாட்டிலிருக்கும் ஒரு தம்பி வாங்கித் தருவார், பெயர்ப்பலகையும் அடிப்போம், படமும் போடுவோம். டீசல் அப்படியல்ல. இந்த அளவு மெஷின் மணித்தியாலத்துக்குச் சுமார் ஒரு லீற்றர் குடிக்கும். நான்கு நாளைக்கு ஏறத்தாழ 100 லீற்றர். 2022 பெப்ரவரியில் டீசல் லீற்றர் 121 ரூபா, அதன்படி 12,100. அதே வருட ஜூன் கடைசியில் 460 ரூபா, 46,000. அதே மெஷின், அதே நான்கு நாள். அதுவும் காசிருந்தால் கிடைத்ததா? கேனில் எரிபொருள் கொடுக்கக் கூடாது என்று தடை போட்ட காலம் அது. ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் செட்டில் வரிசையில் நிற்க முடியாது.

பற்றரி வைக்கலாமே என்று ஒரு மகள் கேட்டாள். வைக்கலாம். ஒட்சிசனும் மெத்தையும் மட்டும் எட்டு மணித்தியாலம் ஓட 6 யூனிட் வேண்டும். 200 ஆம்பியர் ஈயப் பற்றரி ஒன்றில் பழுதாக்காமல் எடுக்கக்கூடியது 1.2 யூனிட் அளவுதான். ஐந்து பற்றரி. சில வருடத்தில் ஐந்தையும் மாற்ற வேண்டும்.

இதைச் சட்டமாக்கிய இடமொன்று இருக்கிறது, அமெரிக்காவின் புளோரிடா. 2017 செப்டம்பரில் இர்மா புயலோடு ஹொலிவூட் ஹில்ஸ் என்ற இடத்துப் பராமரிப்பு இல்லமொன்றில் ஏசி நின்று, வெக்கையில் 12 முதியவர்கள் மௌத்தானார்கள். கட்டிடத்தில் விளக்கு எரிந்தது, ஏசிக்கு மட்டும் கரண்ட் இல்லை. பக்கத்திலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இயங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமே சட்டம் வந்தது. மாற்று மின்சாரம் 96 மணித்தியாலத்துக்கு இருக்க வேண்டும், உள்ளே வெப்பம் 81 பாகை பரனைற்றைத் தாண்டக் கூடாது. அது நமக்கு 27 செல்சியஸ். நம் கரையோரத்தில் இரவிலேயே அதற்கு மேல் போகும், ஆகவே அந்த இலக்கத்தை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. முழுக் கட்டிடத்தையும் குளிராக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, ஆளுக்கு 30 சதுர அடி படி ஒரு பகுதி போதும் என்றார்கள். 16 கட்டிலுக்கு உட்பட்ட சிறிய விடுதிகள் 48 மணித்தியால எரிபொருளைக் கையிருப்பில் வைத்தால் போதும், பெரியவற்றுக்கு 72. அப்படியிருந்தும் பல இல்லங்கள் காசில்லை, நேரம் வேண்டும் என்று தவணை கேட்டன. டொலர் புழங்கும் நாட்டிலேயே அந்த நிலைமை.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இல்லங்கள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவோடு ஜெனரேட்டரைக் கட்டிவிட்டு, காசைப் பற்றி ஒன்றும் பேசாமல் விட்டால், நான் போன மாதிரியான இல்லம் மூடப்படும். அங்கிருக்கும் இருபது பேரும் எங்கே போவார்கள்? சிலர் மகனின் வீட்டு விறாந்தைக்கு. அந்த விறாந்தையிலும் ஜெனரேட்டர் இல்லை, இரவில் எழுப்பித் திருப்பிப் படுக்கவைக்க ஆளும் இல்லை. சிலருக்கு விறாந்தையும் இல்லை. கட்டணம் வாங்கும் பெரிய இல்லங்கள் செலவை மாதக் கட்டணத்தில் ஏற்றிவிட்டுத் தப்பிக்கும்.

ஆகவே மகஜரில் நான் கேட்கச் சொல்வது: அவசியச் சாமான்களுக்குத் தனி லைன் உடனடிக் கட்டாயமாகட்டும், அதன் செலவு குறைவு. ஜெனரேட்டருக்குக் காலம் கொடுங்கள், இலவச இல்லங்களுக்கு அரசாங்கம் பாதியாவது கொடுக்கட்டும். எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் ஆஸ்பத்திரிக்கு அடுத்ததாக இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வேண்டும். மாதம் ஒருமுறை மெஷினை ஓடவிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும், புகை உள்ளே போகாத இடத்தில் வைத்து.

மீதி நம் கையில். கரண்ட் போனாலும் பாங்கு கேட்க வேண்டும் என்று பள்ளிவாசலுக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்த ஊர் இது. ஸகாத் பணத்தை டீசலுக்குப் பாவிக்கலாமா என்று உலமாக்கள் சொல்லட்டும், நான் பத்வா கொடுக்க வரவில்லை. ஸதகாவுக்குத் தடையில்லை. வாப்பாவின் பெயரில் நாற்பது சாப்பாடு கொடுக்க நினைத்திருப்பவர், இந்த முறை இருபது சாப்பாடும் மிச்சத்துக்கு டீசலும் கொடுக்கலாமே. கொப்பியில் டீசலுக்கென்று ஒரு பக்கம் திறக்கச் சொல்லி அந்தக் காக்காவிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார்.

மகஜர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இறுதியாகிறது. வயரிங் வேலை தெரிந்த தம்பிமார் யாராவது ஒரு நாள் இல்லத்துக்கு வந்து லைனைப் பார்த்து, எவ்வளவு முடியும் என்று சொன்னால் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம். இன்பொக்ஸில் வாங்க.