காருக்குப் பின்னால் ஒரு வீடு

அமெரிக்காவில் டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. சரியாக ஒரு மைல்! கோடை விடுமுறையில் அங்கிருந்து மேற்கே மலைச் சாலையில் போனால் வேடிக்கையைப் பார்க்கலாம். காருக்குப் பின்னால் கட்டிலும் அடுப்புமாக ஒரு டிரெய்லர் வீடே உருண்டு வரும்!

உங்களுக்கும் ஆசையா? சற்றுப் பொறுங்கள். "இந்தக் கார் 5,000 பவுண்டு இழுக்கும்" என்பார் விற்பவர். சாமான்களோடு டிரெய்லர் 4,000 பவுண்டுதானே? அவசரப்படாமல் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். கார் சுமக்கக்கூடிய பாரம் 1,100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் தன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கைக் காரின் முதுகில் ஏற்றும். அது 500 என்றால், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் 550. மீதி 50! கொக்கிச் சாமானும் துணிப்பெட்டியும் அதற்குள் அடங்குமா?

1973-ல் திறந்த ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே. காற்று மெலிந்த அந்த உயரத்தில், டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்து திணறும். அது போகட்டும்; மெதுவாக ஏறிவிடலாம். சுரங்கம் தாண்டிய இறக்கத்தில்தான் இருக்கிறது பரீட்சை! பிரேக் சூடேறிப் பிடிக்காமல் ஓடிவரும் லாரிகளை நிறுத்தவே அங்கே சரளைக்கல் பாதை போட்டிருக்கிறார்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும்.

ஆகவே, இழுக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். சுமக்குமா, நிற்குமா என்றும் கேளுங்கள். கணக்கு இடித்தால் சிறிய டிரெய்லராகப் பாருங்கள். மலை எங்கும் போய்விடாது!